சேமி என்று எழுதாமலே தரவு நிலைக்கும் மொழி: வகை மாறினால் பழைய தரவை என்ன செய்வது?

ஏடு_எழுதுபவன் கேட்டது:

வணக்கம். பகலில் காப்பீட்டு மென்பொருள் ஒன்றில் வேலை செய்கிறேன். என் நேரம் எதில் போகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்தேன். பிரீமியம் கணக்குப் போடும் கோடு (நிரல் வரிகள்) கொஞ்சம்தான். டேட்டாபேஸிலிருந்து வரிசையை எடுத்து ஆப்ஜெக்ட் ஆக்குவது, ஆப்ஜெக்டைப் பிரித்து மறுபடி டேபிளில் போடுவது, இரண்டு பக்கமும் பெயர் பொருந்துகிறதா என்று தேடுவது, இதிலேயே பொழுது போய்விடுகிறது.

அதனால் இரவில் 'ஏடு' என்று ஒரு சின்ன மொழி எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் சேமி, திற, மூடு எதுவும் கிடையாது. 'நிலை' என்று சொல்லி ஒரு மாறியை அறிவித்தால் போதும். நிரல் நின்று மறுபடி ஓடினாலும் மதிப்பு அப்படியே இருக்கும். சோதித்துப் பார்க்க ஈரோட்டில் மாமா நடத்தும் மஞ்சள் மண்டியின் கணக்கை எடுத்துக்கொண்டேன். அங்கே விற்பனைக்கு வரும் ஒவ்வொரு சரக்குத் தொகுதியும் ஒரு லாட்.

வகை லாட் {
    விவசாயி: சரம்
    ரகம்: சரம்
    மூட்டை: முழுஎண்
    எடை: முழுஎண்
}
நிலை லாட்டுகள்: பட்டியல்[லாட்]

உள்ளே பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு ஃபைலை எம்மேப் செய்து நினைவகமாக்கி, ஆப்ஜெக்டுகளை நேராக அதிலேயே வைக்கிறேன். இரண்டு மாதம் அருமையாக ஓடியது. போன வாரம் மண்டியில் புது எலக்ட்ரானிக் தராசு வந்தது, அரைக் கிலோவும் காட்டுகிறது. எடையைப் பின்னஎண் என்று மாற்றி மறுபடி ஓட்டினேன். பழைய லாட்டுகள் எல்லாவற்றுக்கும் எடை 0.00 என்று வந்தது. 780 கிலோ விரலி மஞ்சள் ஒரே இரவில் பூஜ்யம். 8 பைட் முழுஎண்ணை அப்படியே 8 பைட் பின்னமாகப் படித்தால் பூஜ்யத்தை ஒட்டிய ஏதோ ஒரு எண் வரும் என்பது பிறகுதான் உறைத்தது. பேக்கப் இருந்ததால் தப்பித்தேன்.

இரண்டு கேள்விகள். வகை மாறும்போது மொழி என்ன செய்ய வேண்டும்? இந்த யோசனை இத்தனை எளிதாக இருந்தும் பெரிய மொழிகள் எதுவும் ஏன் இதைக் கையில் எடுக்கவில்லை?

பழைய_மண்டிக்கணக்கு எழுதியது:

மஞ்சள் மண்டி என்றதும் உட்கார்ந்து முழுதும் படித்தேன் தம்பி. 1994 முதல் பல வருடம் ஈரோட்டு மண்டிகளுக்கு ஃபாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மொழியில் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவன் நான். நீங்கள் கேட்கும் மொழியின் ஒரு பாதி அப்போதே எங்கள் கையில் இருந்தது என்று சொல்வேன். யூஸ் லாட் என்று ஒரு வரி எழுதினால் டேபிளின் கட்டங்கள் அப்படியே மாறிகளாகிவிடும். ரீப்ளேஸ் என்றால் ஃபைலில் மாறிவிடும். நடுவே மொழிபெயர்ப்பு வேலையே கிடையாது. அதனால்தான் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள்கூட அதில் முழு வியாபாரத்துக்கும் மென்பொருள் எழுதினார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இது புது யோசனை இல்லை. 1960களின் பிற்பகுதியில் பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பிறந்த மம்ப்ஸ் மொழியில், பெயருக்கு முன்னால் ஒரு கேரட் (^) குறி போட்டால் அந்த மாறி வட்டுக்குப் போய்விடும். அமெரிக்க மருத்துவமனை மென்பொருள்களில் இன்றும் அது ஓடுகிறது. முறையாக ஆராய்ந்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். எடின்பரோவில் மால்கம் அட்கின்சன், செயின்ட் ஆண்ட்ரூஸில் ரான் மாரிசன், அவர்களோடு இன்னும் சிலர் சேர்ந்து பிஎஸ்-ஆல்கால் என்ற மொழியைச் செய்தார்கள். 1983ல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை உங்கள் ஒரு வாரக் கணக்கைத்தான் பேசுகிறது: சாதாரணமாக ஒரு நிரலில் 30 சதவீதக் கோடு தரவை ஃபைலுக்கும் டேட்டாபேஸுக்கும் அங்குமிங்கும் நகர்த்துவதற்கே போகிறது என்று.

அவர்கள் வைத்த விதிகள் இன்றைக்கும் உங்களுக்கு உதவும். நிலைக்கும் தரவைத் தொடும் கோடும் நிலைக்காத தரவைத் தொடும் கோடும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எந்த வகை மதிப்பாக இருந்தாலும் நிலைக்க உரிமை உண்டு. இந்த வகை மட்டும்தான் போகும் என்று மொழி ஓரவஞ்சனை செய்யக்கூடாது. ஒரு வேரிலிருந்து தொடர்ந்து போனால் எட்டுகிற எல்லாமும் நிலைக்கும், எட்டாதது குப்பை. உங்கள் 'நிலை' மாறிதான் அந்த வேர். அதன் பிறகு செயின்ட் ஆண்ட்ரூஸில் நேப்பியர்88 என்ற மொழி வந்தது. அதில் செயற்கூறுகளைக்கூட நிலைக்க வைக்கலாம். 1990களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் சன் நிறுவனமும் சேர்ந்து ஜாவாவையே இப்படி மாற்ற முயன்றன; பிஜாமா என்று பெயர். ஆராய்ச்சியாக நன்றாக ஓடியது, ஆனால் ஜாவாவுக்குள் நுழையவில்லை.

ஏன் நுழையவில்லை என்று கேட்டால் பலர் வேகத்தைச் சொல்வார்கள். நான் உங்கள் 0.00 தான் காரணம் என்பேன். ஒரு நிரலின் ஆயுள் ஒரு ஓட்டம். தரவின் ஆயுள் முப்பது வருடம். மொழி செய்கிறவர்கள் ஓட்டத்தை மனதில் வைத்தே வகையை யோசிக்கிறார்கள். நிரலை ஓட்டத்துக்கு முன் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் இன்றைய வகையைப் பார்த்து எல்லாம் சரி என்று சொல்லிவிடும். வட்டில் கிடக்கும் நேற்றைய வகை அதன் கண்ணில் படுவதே இல்லை.

என் கதையைக் கேளுங்கள். மஞ்சள் விலைக்கு நான்கு இலக்கக் கட்டம் வைத்திருந்தேன். குவிண்டால் இரண்டாயிரம், மூவாயிரம் என்று விற்ற காலம் அது. 2010ல் விலை பத்தாயிரத்தைத் தாண்டியது. கட்டத்துக்குள் எண் அடங்கவில்லை. ஒவ்வொரு மண்டியாகப் போய்க் கட்டத்தை அகலமாக்கினேன், ஃபாக்ஸ்புரோவே புது வடிவத்தில் டேபிளை எழுதிப் பழையதை அதில் கொட்டிக்கொடுத்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு மண்டிக்காரர் "போன வருடத்தோடு ஒப்பிட்டு ஒரு அறிக்கை வேண்டும்" என்றார். ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தனி ஃபோல்டர் வைப்பது அப்போது வழக்கம். பழைய ஆண்டுகளின் ஃபைல்கள் பழைய வடிவத்திலேயே கிடந்தன. வகை மாறியது இந்த வருடத்துக்கு மட்டும்தான். ஒரே நிரல் ஒரே நேரத்தில் இரண்டு விதமான 'லாட்'டைப் படிக்க வேண்டியிருந்தது.

ஆகவே உங்கள் மொழியில் வகைக்குப் பெயர் மட்டும் போதாது, பதிப்பும் வேண்டும். வட்டில் இருக்கும் ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தான் எந்தப் பதிப்பில் எழுதப்பட்டது என்று தன்னோடு வைத்திருக்க வேண்டும். பழையதிலிருந்து புதியதுக்குப் போகும் வழி வகைக்குள்ளேயே எழுதப்பட வேண்டும்.

வகை லாட் பதிப்பு 2 {
    விவசாயி: சரம்
    ரகம்: சரம்
    மூட்டை: முழுஎண்
    எடை: பின்னஎண்
    முந்தையது: எடை = பின்னமாக்கு(பழைய.எடை)
}

அந்த 'முந்தையது' வரி இல்லாமல் வகையை மாற்றினால் கம்பைலர் நிரலை ஓட விடக்கூடாது. இதைச் செய்த முன்னோர்கள் இருக்கிறார்கள். 1980களில் வந்த ஜெம்ஸ்டோன் என்ற, ஸ்மால்டாக் மொழிக்கான டேட்டாபேஸ் ஒரு கிளாஸின் (ஆப்ஜெக்டின் வகை) எல்லாப் பதிப்புகளையும் வரலாறாக வைத்திருக்கும். பழைய ஆப்ஜெக்டுகளை எப்போது புதியதுக்கு மாற்றுவது என்று நீங்கள் சொல்லலாம். இப்போதைய மோட்டோகோ மொழியில் நிலைக்கும் மாறிகளின் பழைய வகையும் புது வகையும் ஒத்துப்போகின்றனவா என்று மேம்படுத்தும் நேரத்தில் சோதிக்கிறார்கள். ஒத்துப்போகாவிட்டால் மேம்படுத்த விடமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மின்சாரம். ஒரு மாலை ஏலம் முடியும் நேரத்தில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது கடைசி லாட்டைக் காணோம். டேபிள் இருக்கும் டிபிஎஃப் ஃபைலை, பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். மொத்த அளவு 405,840 பைட். தொடக்கத்தில் டேபிளின் விவரம் சொல்லும் ஹெடர் 417, ஒரு லாட்டுக்கான ரெக்கார்டு 94, ஃபைலின் முடிவுக் குறி 1. கழித்து வகுத்தால் 4313 ரெக்கார்டு. ஹெடரில் ஐந்தாவது பைட்டிலிருந்து நான்கு பைட் எண்ணிக்கை இருக்கும். அங்கே பதினாறடிமான எண்ணில், சிறிய பைட் முதலில் வர, டி8 10 00 00, அதாவது 4312. ரெக்கார்டு வட்டில் எழுதப்பட்டுவிட்டது, எண்ணிக்கை எழுதப்படும் முன் கரண்ட் போய்விட்டது. டி8ஐ டி9 ஆக்கினேன், லாட் திரும்பி வந்தது.

அதை மீட்டுவிட்டேன். மீட்க முடியாதது வேறு. லாட் டேபிளில் 'விற்றது' என்று விழுந்திருந்தது. விவசாயியின் பற்று வரவில் பணம் ஏறவில்லை. எந்த ஃபைலிலும் பிழை கிடையாது, ஹெடர் எல்லாம் சரி. இரண்டும் சேர்ந்துதான் ஒரு காரியம் என்பது மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. நான் எழுதிய ஃபாக்ஸ்புரோ 2.6ல் இப்படி இரண்டையும் ஒரே காரியமாகக் கட்டும் டிரான்ஸாக்‌ஷன் கிடையாது, விஷுவல் ஃபாக்ஸ்புரோவில்தான் வந்தது. அந்த விவசாயி மடித்து வைத்திருந்த ஏலச் சீட்டை எடுத்து நீட்டினார். அதைப் பார்த்துத்தான் வரவு வைத்தோம். உங்கள் 'நிலை' மாறியில் எந்த வரியிலிருந்து எந்த வரி வரை ஒரு காரியம்? அதைச் சொல்ல மொழியில் ஒரு சொல் வையுங்கள். இல்லையென்றால் உங்கள் மாமாவும் சீட்டைப் பார்த்துத்தான் கணக்கு எழுத வேண்டியிருக்கும்.

வட்டும்_கெர்னலும் எழுதியது:

ஐயா சொன்ன ஹெடர் கதைதான் எம்மேப்பின் கதையும். எம்மேப் செய்த பக்கங்களை எந்த வரிசையில், எப்போது வட்டில் எழுதுவது என்பதை முடிவு செய்வது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. நீங்கள் முதலில் மாற்றியது கடைசியில் போகலாம். நடுவில் கரண்ட் போனால் பாதி புதியது பாதி பழையது.

இரண்டு வழிகள் தெரிந்தவை. மாற்றத்தை முதலில் ஒரு பதிவேட்டில் நீளத்தோடும் செக்சம்மோடும் (முழுதாக எழுதப்பட்டதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்பு எண்) எழுதி, எஃப்சிங்க் செய்து (எழுதியதை வட்டுக்கே அனுப்பி முடிக்கும்படி கெர்னலிடம் கேட்டு), அதன் பிறகே உண்மையான இடத்தில் மாற்றுவது ஒன்று. பழைய பக்கத்தைத் தொடாமல் புதுப் பக்கத்தில் எழுதி, கடைசியில் வேர்ப் பக்கத்தை மட்டும் மாற்றுவது இன்னொன்று. எல்எம்டிபி என்ற சின்ன டேட்டாபேஸ் இரண்டாவதைத்தான் செய்கிறது. இரண்டு வேர்ப் பக்கங்கள் வைத்து மாறி மாறி எழுதும். உங்கள் வடிவமைப்புக்கு அது நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

எஃப்சிங்க் பிழை சொன்னால் மறுபடி முயலாதீர்கள். 2018ல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் குழுவினர் கண்டது இது: லினக்ஸில் முதல் எஃப்சிங்க் தோற்ற பிறகு இரண்டாவது முறை கூப்பிட்டால், எழுதப்படாத பக்கத்துக்கும் 'வெற்றி' என்று பதில் வரலாம். அவர்கள் இப்போது பிழை வந்ததும் நிரலை நிறுத்திப் பதிவேட்டிலிருந்து மீட்கிறார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள்.

ஒரு சந்தேகம். ஆப்ஜெக்டுக்குள் இருந்து இன்னொரு ஆப்ஜெக்டைக் காட்டும் சுட்டிகளை நினைவக முகவரியாகவே வைத்திருக்கிறீர்களா? அடுத்த ஓட்டத்தில் ஃபைல் வேறு முகவரியில் வந்து உட்கார்ந்தால் எல்லாச் சுட்டியும் கெட்டுவிடும். ஃபைலின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்று வையுங்கள்.

அறிக்கை_மேசை எழுதியது:

நான் மொழி செய்பவள் இல்லை, மற்றவர்கள் சேர்த்த தரவிலிருந்து அறிக்கை எடுப்பவள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி: உங்கள் நிரல் இல்லாமல் உங்கள் தரவை நான் படிக்க முடியுமா?

நிலைக்கும் மொழிகள் பரவாததற்கு என் கண்ணில் படும் காரணம் இதுதான். தரவு அந்த மொழிக்குள் பூட்டிக் கிடக்கிறது. மாமாவின் மண்டியில் ஆடிட்டர் வந்து "மார்ச்சில் விற்ற விரலி லாட்டுகளில் கமிஷன் எவ்வளவு" என்று கேட்பார். நீங்கள் ஒரு வளையம் எழுதி, ஒவ்வொரு லாட்டாகத் தொட்டு, அதிலிருந்து விவசாயிக்குப் போய், அங்கிருந்து கணக்குக்குப் போவீர்கள். நாற்பதாயிரம் லாட் என்றால் நாற்பதாயிரம் தாவல். நாளைக்குத் தேடலை வேகமாக்க ஓர் இண்டெக்ஸ் சேர்த்தால் அந்த வளையத்தை மாற்றி எழுத வேண்டும். 1970ல், ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு அடித்தளமிட்ட எட்கர் காட் எழுதிய கட்டுரை இதைத்தான் எதிர்த்தது: தரவு உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை நிரல் நம்பியிருக்கக்கூடாது என்று. எனக்கு என்ன வேண்டும் என்று நான் சொல்கிறேன், எந்த வழியில் போவது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும்.

மொழிக்குள்ளேயே இதைச் செய்தவர்கள் உண்டு. 1977ல் யோவாகிம் ஷ்மிட் பாஸ்கல் மொழியில் 'ரிலேஷன்' (அட்டவணை) என்பதையே ஒரு வகையாக்கினார், பாஸ்கல்/ஆர் என்று பெயர். 2007ல் சி ஷார்ப் மொழிக்கு லிங்க் (LINQ) என்ற வசதி வந்தது. கேள்வியை மொழியின் இலக்கணத்திலேயே எழுதலாம், கம்பைலர் வகை சரிபார்க்கும், அடியில் அது டேட்டாபேஸின் கேள்வி மொழியான எஸ்கியூஎல் ஆகப் போகும். நான் தினமும் பயன்படுத்துவது அதுதான். 'பட்டியல்' என்பதோடு 'அட்டவணை' என்று தனி வகை வையுங்கள். அதன் மேல் வளையம் வேண்டாம், கேள்வி மட்டும். அப்புறம் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும், எந்த நிரலும் படிக்கக்கூடிய எஸ்கியூலைட் டேட்டாபேஸ் ஃபைலாக எடுக்கும் வசதியும் வேண்டும். அது இல்லாத மொழியில் யாருடைய தரவையும் நான் வைக்கச் சொல்ல மாட்டேன்.

ஏடு_எழுதுபவன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பதினாறு நாள் கழித்து வருகிறேன், சும்மா இருக்கவில்லை.

சுட்டிகள் முகவரியாகத்தான் இருந்தன. அதிர்ஷ்டத்தில் ஓடியிருக்கிறது. இப்போது தொடக்கத்திலிருந்து தள்ளிய தூரமாக மாற்றிவிட்டேன்.

வகைக்குப் பதிப்பு சேர்த்தாகிவிட்டது. ஐயா எழுதிய 'முந்தையது' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டேன், அனுமதி உண்டு என்று நம்புகிறேன். வேலையைத் தொடங்கியதும் ஒன்று புரிந்தது. கட்டம் சேர்ப்பதும் வகையை விரிப்பதும் எளிது. கடினமானது கட்டம் பிரிவது. மாமா 'விவசாயி' என்ற ஒரே சரத்தில் பெயரையும் ஊரையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். இரண்டாகப் பிரிக்கும் செயற்கூறு சில லாட்டுகளில் தோற்கிறது. தோற்றால் என்ன செய்வது? நிரலையே ஓடவிடாமல் நிறுத்தினால் மண்டி மூடிக்கிடக்கும்.

காரியத்தின் எல்லைக்கு 'ஒரேமூச்சு' என்று பெயர் வைத்தேன்.

ஒரேமூச்சு {
    லாட்.விற்றது = ஆம்
    கணக்கு[லாட்.விவசாயி].வரவு += தொகை
}

நிலைக்கும் மாறியை இதற்கு வெளியே தொட்டால் கம்பைலர் பிழை. முதலில் இதை விரும்பவில்லை, எல்லாக் கோடும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற விதி உடைகிறதே என்று. அந்தச் சீட்டுக் கதையை மறுபடி படித்துவிட்டு உடைத்தேன். நிரலை இஷ்டப்பட்ட நேரத்தில் கில் செய்யும் (திடீரென்று நிறுத்தும்) சோதனையும் எழுதினேன். ஐந்நூறு முறை கொன்று பார்த்தேன், ஒருமுறைகூட லாட்டும் வரவும் பிரியவில்லை.

அட்டவணை வகை இன்னும் தொடங்கவில்லை. எஸ்கியூலைட் ஏற்றுமதி வந்துவிட்டது.

வட்டும்_கெர்னலும் எழுதியது:

நல்ல வேலை. ஆனால் கில் செய்வது மின்வெட்டு ஆகாது. நிரல் செத்தாலும் நீங்கள் எழுதிய பக்கங்கள் கெர்னல் கையில் பத்திரமாக இருக்கும், அது பிறகு வட்டில் எழுதிவிடும். எஃப்சிங்க்கை முழுதாக மறந்திருந்தாலும் இந்தச் சோதனையில் தேறிவிடலாம். மின்சாரத்தையே நிறுத்திப் பாருங்கள்.

பழைய_மண்டிக்கணக்கு எழுதியது:

அந்தச் சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, சந்தோஷம்.

பிரிக்க முடியாத லாட்டைப் பற்றி: பழைய பதிப்பிலேயே இருக்க விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியாக வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு லாட்டைத் தொடும்போது மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் அந்த ஒரு லாட்டை மட்டும் ஒதுக்கி, பழைய கட்டங்களோடு திரையில் காட்டுங்கள். அந்த விவசாயி எந்த ஊர் என்று உங்கள் மாமாவுக்குப் பார்த்தவுடன் தெரியும். அவர் கையால் நிரப்பட்டும். நிரல் ஊகித்து ஒரு ஊரை எழுதிவிட்டால் அது தப்பென்று பிறகு யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

ஏடு_எழுதுபவன் எழுதியது:

பேட்டரி போன பழைய லேப்டாப் ஒன்றில் ஏடு ஏற்றி, லாட்டுகளை ஓயாமல் விற்க விட்டு, பிளக்கைப் பிடுங்கினேன். முதல் முறையே எஃப்சிங்க் விட்டுப்போன ஓர் இடம் அகப்பட்டது, திருத்தினேன். அதன் பிறகு இருபது முறை பிடுங்கியிருக்கிறேன். பதினான்காவது முறை பதிவேட்டின் கடைசி வரி பாதியில் நின்றிருந்தது. செக்சம் பொருந்தவில்லை, ஏடு அந்த வரியைத் தள்ளிவிட்டு முந்தைய லாட்டோடு எழுந்தது. வரவும் அதே லாட்டில் நின்றிருந்தது.